தாளாளரும் உபதேசியாரும்

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் இரண்டு வகைப் பேச்சுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று நன்றிப் பேச்சு. 'சாமியார் பள்ளிக்கூடம் இல்லைன்னா நாங்கள்லாம் மாடுதான் மேய்ச்சிருப்போம்' என்பது அதன் சாரம்; வெள்ளிவிழா மலர்களில் அச்சாவது இது. மற்றது சந்தேகப் பேச்சு. 'படிப்புச் சொல்லித் தர்ற சாக்குல மதம் மாத்துறாங்க' என்று தொடங்கி அந்நியப் பணத்தில் போய் முடியும். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகின்றன: பள்ளியின் மதில் சுவருக்கு வெளியே. உள்ளே யார் முடிவெடுக்கிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய ஆசிரியர் ஏன் தலைமையாசிரியர் ஆவதில்லை என்ற கேள்விகள் இரண்டிலும் இல்லை. திருச்சபை வட்டாரங்களில் இப்போது 'நம் பள்ளிகளின் மிஷன்', 'தலைமைத்துவம்' என்ற சொற்கள் அதிகம் அடிபடுகின்றன. அந்தச் சொற்களை அவற்றின் வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எனக்குத் தெரிந்த வட்டாரம் என்பதால் இங்கிருந்தே பேசுகிறேன்.

பள்ளிப் பலகைகளில் 'தாளாளர்' என்று ஒரு பதவி இருக்கும். எம்.ஏ. தமிழ் படித்தவனால் அந்தச் சொல்லைச் சும்மா கடந்து போக முடிவதில்லை. தாளாண்மை என்றால் விடாமுயற்சி. குறள் படித்த எவருக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் பொருள் வேறு. 'தாளை ஆளுறவரு' என்பார்கள். சம்பளப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், நியமன ஆணை எல்லாத் தாளும் அவர் மேசைக்குத்தான் போகும். 'கரஸ்பாண்டென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த தமிழ் இது. அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்கிறவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஆன்மீகத் தலைமை என்று சொல்லப்படுவது அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுகிற ஒரு பதவியில் வந்து எப்படி உட்கார்ந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1985ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சிவகங்கை பிரிந்தது. 1987ல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தது. இந்தப் பிரிவினைகளுக்கெல்லாம் முன்னால் சேசு சபையினரின் கடிதங்களில் இந்த நிலத்துக்கு 'மறவ நாடு' என்று பெயர். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட வீடுகள் இதற்குள் ஒரு தீவு. சுற்றிலும் கண்மாயை நம்பிய வானம் பார்த்த ஊர்கள். கத்தோலிக்கம் பெரும்பாலும் வேர்விட்டது இந்த இரண்டாவது நிலத்தில்தான்.

மதுரை மிஷனை 1606ல் தொடங்கிய நொபிலி சந்நியாசி வேடம் பூண்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1640 வாக்கில் 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிராமணச் சந்நியாசி மேல்சாதியாரோடு பழகுவார். பண்டாரசாமி மற்றவர்களோடு பழகலாம். ஆக, இந்த மண்ணில் மிஷனின் தலைமை முதல் தலைமுறையிலேயே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டுவிட்டது. அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் டி பிரிட்டோ ஒரு பண்டாரசாமி. 1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார், 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் வெட்டப்பட்டார், 1947ல் புனிதராக்கப்பட்டார். 1686ல் அவர் தனியாக அடிபடவில்லை. கூடவே கட்டிவைத்து அடிக்கப்பட்டவர்கள் உபதேசியார்கள், உள்ளூர்த் தமிழர்கள். பீடங்களில் இருப்பது அவர் ஒருவர் சுரூபம்தான்.

உபதேசியாரை நாம் ஒரு எடுபிடியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். கணக்கைப் பாருங்கள். ஒரு குருவுக்கு எத்தனையோ ஊர்கள். வருஷத்தில் ஒருமுறை வந்து போனால் பெரிது. மீதி நாளெல்லாம் ஜெபம் சொல்லிக் கொடுத்தது, சாகக் கிடப்பவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் உபதேசியார். 1773ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். சபை மீண்டு 1838 வாக்கில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைப் பக்கம் வந்து சேரும் வரை, அறுபது வருஷத்துக்கு மேல், கோவாவிலிருந்து வந்த சில குருக்களும் இந்த உபதேசியார்களும்தான் இந்தச் சபைகளைக் காப்பாற்றினார்கள். ஐரோப்பியத் தலைமை அநேகமாக இல்லாத இரண்டு தலைமுறைக் கத்தோலிக்கம் இது. அதற்குப் பெயரும் இல்லை, ஆண்டுவிழாவும் இல்லை.

இதைச் சொல்வதால் உபதேசியாரை நான் பொற்காலமாக்கப் பார்க்கிறேன் என்று எண்ண வேண்டாம். அவர்களிலும் சாதி உண்டு. உடையார் ஊருக்கு உடையார், வெள்ளாளர் ஊருக்கு வெள்ளாளர், சேரிக்கு வேறு ஆள் என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனாலும் சேரிக்கு ஒரு உபதேசியார் இருந்தார், அவர் அந்தச் சேரிக்காரராகவே இருக்க முடிந்தது என்பது பிறகு நடந்ததோடு ஒப்பிடும்போது சின்ன விஷயம் இல்லை.

பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடு வேறு வழியாக வந்தது. 1785 வாக்கில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சல்லிவன் என்ற கம்பெனி அதிகாரியும் ஷ்வார்ட்ஸ் என்ற புராட்டஸ்டண்டு மிஷனரியும் சேர்ந்து போட்ட திட்டம் அது. அரண்மனைகளும் கம்பெனியும் பணம் தந்தன. வேலுநாச்சியாரும் மருதிருவரும் இருந்த சிவகங்கையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் குழப்பம் பிடிபடும். சமயப் போதனை அதன் நோக்கமாக அறிவிக்கப்படவில்லை. கம்பெனிக்கும் அரண்மனைக்கும் நடுவே பேசத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். மிஷனரி தலைமை தாங்குவார், அரசாங்கம் பணம் தரும், பலன் இருவருக்கும் என்ற ஒப்பந்தத்தின் முதல் வடிவம் இது.

அதைச் சட்டமாக்கியது 1854ஆம் வருஷத்து உட் அறிக்கை. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற இன்றைய ஏற்பாடு அங்கிருந்து வருகிறது. அதன் நிபந்தனைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். நல்ல மதச்சார்பற்ற கல்வி தரவேண்டும். அரசு ஆய்வாளரை உள்ளே விட வேண்டும். பிள்ளைகளிடம் கொஞ்சமாவது கட்டணம் வாங்க வேண்டும். பள்ளியை மேற்பார்வை செய்து, அது குறிப்பிட்ட காலம் நிலைத்து நடக்கும் என்பதற்குப் பொறுப்பேற்கிற 'உள்ளூர் நிர்வாகம்' இருக்க வேண்டும். என்ன மதம் போதிக்கிறார்கள் என்பதை அரசு கண்டுகொள்ளாது.

உள்ளூர் நிர்வாகம் என்றால் ஊராரா? உபதேசியாரா? அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதவும், பத்து வருஷம் பள்ளி நடக்கும் என்று உத்தரவாதம் தரவும், கட்டடத்துக்குச் சொத்துக் காட்டவும் கூடியவர் யார்? பங்குச் சாமியார்தான். மானியத்துக்காக உண்டான மேனேஜர் பதவி அப்படியே குருவின் பதவியோடு ஒட்டிக்கொண்டது. நேற்று வரை ஊரின் தலைமாந்தராக இருந்த உபதேசியார் மேனேஜரின் கீழே சம்பளம் வாங்கும் வாத்தியார் ஆனார். 1882ல் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு உட்கார்ந்தபோது நாகப்பட்டினம் புனித வளனார் கல்லூரியின் சேசு சபை அதிபர் அதில் ஓர் உறுப்பினர். மறுவருஷம் அந்தக் கல்லூரி திருச்சிக்குப் போனது. தென் மாவட்டக் கத்தோலிக்கப் படிப்பாளிகளின் நாற்றங்கால் அதுதான். கூரைப் பள்ளியில் உபதேசியார், திருச்சிக் கல்லூரியில் பிரெஞ்சு அதிபர் என்று மிஷன் இரண்டு மாடிக் கட்டடமானது. அந்தக் கல்லூரியின் பெரிய கனவு பிராமண மாணவர்களை மனந்திருப்புவது. 1890களில் சிலர் திரும்பவும் செய்தார்கள். மற்றக் கிறிஸ்தவர்களோடு கலக்காமல் வாழ அவர்களுக்குத் திருச்சியில் தனியாக ஒரு குடியிருப்பே அமைத்துக் கொடுத்தார்கள். மிஷனின் கண் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அல்தூசர் 1970ல் எழுதிய கட்டுரையில், முன்பு தேவாலயம் வகித்த இடத்தை முதலாளித்துவ சமூகத்தில் பள்ளி பிடித்துக்கொண்டது என்கிறார். நம் சிறுபத்திரிகைகளில் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்ந்துபோன கருத்து. என் அம்மாவின் ஊரில் அல்தூசருக்கு வேலை இல்லை. அங்கே பள்ளியும் கோயிலும் ஒரே கூடம். கிழக்கு ஓரத்தில் பீடம், அதற்கு முன்னால் ஒரு துணித்திரை. காலையில் திரையை இழுத்துவிட்டால் பள்ளிக்கூடம். சாயந்தரம் விலக்கினால் கோயில். கரும்பலகை மட்டும் இரண்டுக்கும் பொது. ஞாயிறு பூசையின்போது அதில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழியாமல் இருக்கும் என்று அம்மா சொல்லும். இப்படிப்பட்ட கூடங்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருந்தவை. 'மிஷன்' என்ற சொல்லே எங்கள் பக்கப் பேச்சில் 'மிஷின்' மாதிரிதான் காதில் விழும். தையல் மிஷின், மாவு மிஷின், மிஷின் பள்ளிக்கூடம். கேலிக்குச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற, யார் ஓட்டுகிறார் என்று தெரியாத ஒன்று என்ற அனுபவம் அந்த உச்சரிப்பில் இருக்கிறது.

இந்தக் கூரைக் கூடங்களின் மதிப்பைப் புரிந்துகொள்ள 1930-31ஐப் பார்க்க வேண்டும். நன்றிப் பேச்சும் சந்தேகப் பேச்சும் இதைத் தொடுவதில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டக் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்ததாக ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர். தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் ஓட்டிப்போகப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. அந்தப் புதிய பட்டியலில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது.

'மாடுதான் மேய்ச்சிருப்போம்' என்ற நன்றிப் பேச்சு வெறும் அலங்காரம் இல்லை என்பது இப்போது விளங்கும். மாடு மேய்ப்பது ஒரு கட்டளையாக இருந்த நிலம் இது. இத்தனைக்கும் இந்து மதாபிமான சங்கம் 1917லிருந்து காரைக்குடியில் இயங்கியது. பாரதி 1919ல் வந்து போயிருக்கிறார். சுயமரியாதைக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. நகரத்தில் சீர்திருத்தம், பத்து மைல் தள்ளி மண்சட்டி. இப்படிப்பட்ட ஊரில் சேரிக்குள் ஒரு கூரை போட்டு, ஒரு வாத்தியார் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து 'அ' சொல்லிக் கொடுப்பது பதினொரு தடைகளில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மீறுவது. மிஷன் என்பதற்கு இந்த மண்ணில் ஏதாவது பொருள் இருக்குமானால் அது இதுதான் என்பது என் கட்சி. அந்த வாத்தியார் யார் என்று பாருங்கள். அவர் குரு இல்லை, கன்னியர் இல்லை. உபதேசியாரின் வாரிசு. அடி விழுந்தால் முதலில் விழுவது அவருக்கு. மேனேஜர் இருந்தது பங்களாவில்.

எல்லாச் சாமியார்களையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. சருகணியில் 1973ல் இறந்த லெவே அடிகளாரை இந்தப் பக்கம் இன்றும் நினைக்கிறார்கள். பஞ்ச காலத்தில் வேலைக்குச் சோறு போட்டுக் கண்மாயும் ஊரணியும் வெட்டியதற்காக நினைக்கிறார்கள், கையெழுத்துக்காக இல்லை. தண்ணீரில் சாதி பார்க்கும் ஊரில் ஊரணி வெட்டுவதும் ஒரு கல்விதான். ஆனால் நிறுவனம் அவரிடமிருந்து பக்தியை எடுத்துக்கொண்ட அளவுக்கு முறையை எடுத்துக்கொள்ளவில்லை.

செட்டிநாட்டில் பள்ளி வைத்த இன்னொரு தரப்பு நகரத்தார். பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணம் கோயில் திருப்பணிக்குப் போனது போலவே கல்விக்கும் போனது. அழகப்பச் செட்டியார் 1947ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். அங்கே தலைமை யாருடையது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கொடுத்தவர் குடும்பம், அவர் வைத்த அறக்கட்டளை. முதலாளி முதலாளியாகவே தெரிவார். கத்தோலிக்கப் பள்ளியில் முதலாளி 'பணியாளர்' என்ற பெயரில் வருகிறார். ஃபூக்கோ மேய்ப்பு அதிகாரம் என்று சொன்னது இதைத்தான். மந்தைக்காக உயிரையும் தருவதாகச் சொல்லும் அதிகாரத்தோடு சண்டை போடுவது சிரமம். செட்டியார் பள்ளியில் சம்பளம் கேட்டால் சம்பளப் பிரச்சினை. சாமியார் பள்ளியில் கேட்டால் விசுவாசப் பிரச்சினை.

விடுதலைக்குப் பிறகு இந்த ஏற்பாட்டுக்கு அரசியல் சட்டத்தின் காவல் கிடைத்தது. 30(1) பிரிவு, மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது. தேவையான பிரிவு. பெரும்பான்மைவாதம் பள்ளி வாசல் வரை வந்துவிட்ட இன்றைய நிலையில் கூடுதலாகத் தேவை. என் கேள்வி அந்தப் பிரிவில் உள்ள 'தங்கள்' என்ற சொல்லைப் பற்றியது. யார் அந்தத் 'தாங்கள்'?

1957ல் கேரளத்தில் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா இந்தக் கேள்வியைத் தொட்டது. தானே ஒரு கத்தோலிக்கர், திருச்சூரில் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருந்தவர், இலக்கிய விமர்சகர். சம்பளத்தை அரசே ஆசிரியருக்கு நேரடியாகத் தரும், நியமனம் பொதுப் பட்டியலிலிருந்து நடக்கும் என்றது மசோதா. மேனேஜர் கையால் சம்பளம் வாங்கிய காலத்தில் கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை இன்னொன்று என்ற புகார் எல்லாத் தனியார் பள்ளிகளிலும் இருந்தது. அது மதம் பார்க்காத புகார். உச்ச நீதிமன்றம் 1958ல் தந்த கருத்துரையில், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றது. 1959ல் விமோசன சமரம்; ஜூலை 31ல் ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி எந்தப் பெரிய சண்டையும் இல்லை. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டம் ஆசிரியர்களுக்கும் இடமுள்ள பள்ளிக் குழுவை வகுத்தது. சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போய் அதன் பல பிரிவுகளிலிருந்து விலக்கு வாங்கின. தலைமையாசிரியர் பதவி திறவுகோல் பதவி, அதற்கு ஆளைத் தேர்வது நிர்வாக உரிமையின் மையம் என்று உச்ச நீதிமன்றம் 1998லும், பிறகு மலங்கரை கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் 2006லும் சொன்னது. தகுதியுள்ள ஒருவரை நியமித்தால் போதும். பணிமூப்பில் முன்னால் நிற்பவர் கேள்வி கேட்க முடியாது.

எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஆசிரியை இந்த 'முன்னால் நிற்பவர்'. ஊரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷப் பணி. எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று தெரிந்தவர். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது வேறு மாவட்டத்திலிருந்து இளவயதுச் சிஸ்டர் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சிஸ்டர் கெட்டவர் இல்லை; மூன்றாம் வருஷம் அவரையும் மாற்றிவிட்டார்கள். டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று: 'அவுக பள்ளிக்கூடம், அவுக வைக்கிறாக.' டீச்சரும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்தான். 30வது பிரிவின்படி அவரும் 'தாங்கள்'தான். அவர் வாயில் ஏன் 'அவுக' வந்தது?

இதற்கு விடை சம்பளப் பட்டியலில் கொஞ்சம் இருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் எல்லோருக்கும் சம்பளம் தருவது அரசு. துறவியர் தங்கள் சம்பளத்தை வறுமை வார்த்தைப்பாட்டின்படி சபைக்கு ஒப்படைத்துவிடுவார்கள். 1944லும் 1977லும் வந்த வருமானவரித் துறைச் சுற்றறிக்கைகளின் பலத்தில் அதற்கு வரி பிடிக்கப்படவில்லை. பிறகு துறை வரி பிடிக்கத் தொடங்கியது. சபைகள் வழக்காடின. திருச்சபைச் சட்டப்படி துறவி உலகுக்கு இறந்தவர், சம்பளம் அவருக்குச் சேர்வதில்லை என்று வாதிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019ல் அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வரி கட்டுவதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. இந்த வழக்கு ஒரு பொருளாதாரத்தை வெளியே கொண்டுவந்தது. உதவிபெறும் பதவியில் ஒரு துறவி உட்கார்ந்தால் அந்தச் சம்பளம் சபையின் வருவாய். ஒரு டீச்சர் உட்கார்ந்தால் அது அவர் வீட்டு அரிசி. அந்த வருவாயிலிருந்துதான் விடுதியும் மருந்தகமும் நடக்கின்றன என்று சபைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் தலைமையைத் துறவியருக்கு வைத்துக்கொள்வதற்கு ஆன்மீகக் காரணம் மட்டும்தான் உண்டு என்று இனி யாரும் பேச முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'பொதுநிலையினர்' என்று ஒரு சொல் நிலைத்தது. குருவும் இல்லை, துறவியும் இல்லை என்ற கூட்டத்துக்குப் பெயர். ரோமாபுரி கத்தோலிக்கப் பள்ளிகளில் பொதுநிலையினரின் பங்கைப் பற்றி 1982ல் தனி ஆவணமே வெளியிட்டது; அவர்கள் இட்டு நிரப்ப வந்தவர்கள் அல்ல, விசுவாசத்தின் சாட்சிகள் என்பது அதன் தொனி. 'உபதேசியார்' என்பது ஒருவர் செய்கிற வேலையைச் சொல்லும். 'பொதுநிலையினர்' என்ற சொல்லில் வேலையும் இல்லை, முகமும் இல்லை. முந்நூறு வருஷத்தில் ஒரு பெயர்ச்சொல் எப்படி வெறுமையானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முகமில்லாதவர்களில் பெரும்பகுதி தலித்துகள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் நெருக்கியடிக்கிறார்கள். அரசு கைவிட்டவர்களுக்குத் திருச்சபைப் பள்ளியாவது இடம் தரவேண்டும் என்று 1980களில் தலித் கிறிஸ்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1990ல் தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே 26 வருஷம். டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் 1980களில் இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, 2012ல் விரிவான நூலாக்கினார். திருவிழா மரியாதையில் தொடங்கிய தலித் கத்தோலிக்கரின் போராட்டம் எப்படிக் குருத்துவத்திலும் நிறுவனங்களிலும் பங்கு கேட்பதாக விரிந்தது என்பதை அதில் பார்க்கலாம்.

நம் இலக்கியத்தில் இதற்குச் சாட்சிகள் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தரவேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த பாமா, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்க்க நேர்ந்து, வெளியே வந்து 1992ல் 'கருக்கு' எழுதினார். அவர் அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) சேசு சபைப் பள்ளி, விடுதி, கல்லூரி எல்லாம் கடந்து வந்த ஒரு தலித் கத்தோலிக்கப் பையன், கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறிச் சான்றிதழ் வாங்குவதில் முடிகிறது. இரண்டையும் நாம் சுயசரிதை வகைமை என்று பேசித் தீர்த்துவிட்டோம். பள்ளி நிர்வாகம் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான இரண்டு விமர்சனங்களாக அவற்றைப் படித்தவர் குறைவு. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: 'கருக்கு'வை முதலில் வெளியிட்டது மதுரையில் சேசு சபையினர் நடத்திய ஒரு மையம்தான். விசுவாசப் பணியும் நீதிக்கான போராட்டமும் ஒன்றே என்று அந்தச் சபையின் 32ஆம் பொதுச்சங்கம் 1975ல் எடுத்த தீர்மானத்தின் பலன்களில் அது ஒன்று. நிறுவனத்துக்குள்ளேயே பிளவு இருக்கிறது. நாம் பேச வேண்டியது அந்தப் பிளவோடு.

அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1950ல் கற்பித்தவர்களில் சுமார் 90 சதவீதம் துறவியர். இப்போது 97 சதவீதத்துக்கு மேல் பொதுநிலையினர். ஆள் இல்லாமல் போனதால் தலைமையும் அவர்கள் கைக்குப் போனது. 'மிஷன்', 'தலைமைத்துவ ஆதரவு' என்ற பயிற்சிப் பேச்செல்லாம் அங்கே அப்படித்தான் பெருகியது. அந்தப் பேச்சு இங்கே இறக்குமதியாகும்போது நிலைமை வேறு. இங்கே துறவியர் இன்னும் இருக்கிறார்கள். 1991-92க்குப் பின் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழக அரசு முடிவெடுத்ததிலிருந்து அவர்களின் கவனம் சுயநிதி ஆங்கிலப் பள்ளிகள் பக்கம் போய்விட்டது. ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளி: ஒரு பக்கம் கட்டணம் கட்டுகிற பிள்ளைகள், கறுப்பு ஷூ; இன்னொரு பக்கம் உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி, சத்துணவு. 1931ன் பட்டியலில் பெயர் இருந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து 2014 தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு முழு விலக்குத் தந்ததால், 25 சதவீத இடம் என்ற பேச்சும் அங்கே எடுபடாது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ஒன்று கேள்வி எழுப்பியிருக்கிறது. அந்த உரிமையைப் பறிக்கக் காத்திருக்கும் சக்திகள் வேறு நோக்கத்தோடு காத்திருக்கின்றன என்பதால், உரிமையைக் காப்பதும் உள்ளே பங்கு கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள். முதலாவது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சை உபதேசியாரின் பேரன் எத்தனை காலம் கேட்பான்?

பொதுநிலையினரைத் தலைமையாசிரியராக்கிய பள்ளிகளும் இல்லாமல் இல்லை. அங்கும் தாளாளர் குருவாகவோ சிஸ்டராகவோதான் இருப்பார். தலைமையாசிரியர் சேர்க்கைப் பட்டியல் போடலாம், கையெழுத்து மேலே போகும். தேர்ச்சி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர். இவருக்கு 'ஆதரவு' என்று யாராவது உண்மையாகவே சொன்னால், ஞானஒடுக்கமும் இரண்டு நாள் பயிற்சியும் போதாது. பதவி காலியாகப் போகிறது என்று பள்ளிப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே இருக்கிற ஆசிரியர் விண்ணப்பிக்கட்டும். தேர்வுக் குழுவில் பெற்றோர் இரண்டு பேர் உட்காரட்டும், அதில் ஒருவர் சேரியிலிருந்து வரட்டும். மூத்தவரைத் தாண்டி வேறொருவரை வைத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். 30வது பிரிவு இதில் எதையும் தடுக்கவில்லை. உரிமை உங்களுடையது என்றால் இதைச் செய்யும் உரிமையும் உங்களுடையதுதான்.

இப்போது நடப்பது இப்படி: மே மாதம் ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். ஏப்ரலிலேயே ஆயர் இல்லத்திலோ மாகாண அதிபர் அலுவலகத்திலோ மாற்றல் பட்டியல் தயாராகிவிடும். பள்ளியில் யாருக்கும் தெரியாது. பெண்கள் பள்ளி என்றால், மடத்து வாசலில் புதிதாக ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியதை வாட்ச்மேன் வந்து ஆசிரியர் அறையில் சொல்வார்.